கணக்கில் விட்டுப்போன ஐந்து மடங்கு

இராஜபாளையத்தில் குழந்தைகளுக்கு இருமல் சிரப் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் லேபில் எனக்கு வேலை. சர்க்கரைக்குப் பதில் சாக்கரின் போடுவார்கள்; அளவு மீறினால் இனிப்பு போய்க் கசக்கும். அது எவ்வளவு என்று பார்ப்பது என் பொறுப்பு. சிரப்பில் இருந்து மற்றதைப் பிரித்துவிட்டு, தண்ணீரில் நீர்த்து, யு.வி. மெஷினில் வைப்பேன். சாக்கரின் கூடினால் ஒளியை அதிகம் விழுங்கும், எண் ஏறும்.

அன்று எண் மெஷினின் எல்லையைத் தாண்டிக் குதித்தது. நான்தான் தண்ணீரைக் குறைத்துவிட்டேன் என்று நினைத்து, இன்னும் ஐந்து மடங்கு நீர்த்தேன். எண் அடங்கியது. புத்திகெட்டவள், அந்த ஐந்தால் பெருக்காமலே கையெழுத்துப் போட்டேன். லோடு கிளம்பிவிட்டது. பாஸான சரக்கில் ஆளுக்கொரு பாட்டில் வீட்டுக்கு எடுத்துப்போவது எங்கள் வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருமிக்கொண்டிருந்த என் மகளுக்கு நானும் ஒன்று எடுத்துப்போனேன்.

மறுநாள் காலையில் லேபில் நோட்டைப் புரட்டும்போது, விட்டுப்போன ஐந்து கண்ணில் பட்டது. பெருக்கிப் பார்த்தேன். சாக்கரின் இருக்க வேண்டிய அளவை எங்கோ தாண்டியிருந்தது. உடனே வீட்டில் மகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அந்த மருந்தக் குடுத்துராதம்மா!"

"ரெண்டு தடவ குடுத்துட்டேனேட்டி! கசக்குன்னு துப்பப் பாத்தா. மூக்கப் பிடிச்சு ஊத்திட்டேன்."

"ஐயோ! உடனே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ!"

போனை வைத்த கையோடு மேனேஜரிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. வேலை போய்விடுமே, கேஸ் வந்துவிடுமே என்று ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா திரும்பக் கூப்பிட்டு, டாக்டர் பயப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னார் என்ற பிறகுதான் எழுந்தேன். அரை மணி நேரம் போயிருந்தது.

மேனேஜர் திட்டக்கூட இல்லை. ஒவ்வொரு கடையாக போன் போட்டார். யாரும் பெட்டியைப் பிரிக்கவில்லை. கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர் பேசியது எனக்கும் கேட்டது.

"ஒரு பாட்டில் போச்சே சார். செத்த முன்னாடிதான், கால் மணி நேரம் இருக்கும், ஒரு அம்மா பிள்ளைக்குன்னு வாங்கிட்டுப் போனாவ. ஆருன்னு தெரியலையே."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு எப்பம்மா தெரிஞ்சது?"

"இப்பதான் சார்."

நம்பிவிட்டார். மிச்சம் எல்லாப் பாட்டிலும் திரும்பி வந்துவிட்டது. எனக்கு வேலையும் போகவில்லை. அந்த அம்மா மட்டும் யாரென்று தெரியவே இல்லை. அவளும் பிள்ளையின் மூக்கைப் பிடித்துத்தான் ஊற்றியிருப்பாள்.