லிசோனின் சூளை

எங்கள் ஏதென்ஸ் நகரத்துக் குயவர் பேட்டையில் லிசோனைப் போல ஒரு வாயாடி கிடையாது. பானை வாங்க வந்தவனோடும் சண்டை, வாங்காமல் போனவனோடும் சண்டை. அவன் பானைகளுக்குச் சித்திரம் தீட்டுகிறவன் நான். ‘கொஞ்சம் வாயை மூடேன்’ என்று அவனிடம் சொல்லாத நாளே இல்லை. ஆனால் அவன் சூளையை யாரும் குறை சொன்னதில்லை, எண்ணெய் வியாபாரி திமாகோரஸ் வந்து சேரும் வரை.

லிசோன் கொடுத்த ஜாடிகள் அரைவேக்காடு, ஊற்றிய எண்ணெயெல்லாம் கெட்டுப்போனது, நஷ்டத்துக்கு ஈடாகச் சூளையே வேண்டும் என்று அந்த ஆள் வழக்கே போட்டுவிட்டான்.

எங்கள் மன்றத்தில் அவனவன் வழக்கை அவனவனே பேச வேண்டும். அதனால் பேச்சு எழுதித் தருகிறவர்களுக்கு நல்ல கிராக்கி. எவாந்தஸ் அப்படி ஒருவன். நல்லவன்தான், கொஞ்சம் அலட்டல். டெக்னே என்றால் எங்களுக்குக் கைத்தொழில். லோகோஸ் என்றால் பேச்சு, விளக்கம். அவன் இரண்டையும் ஒட்டவைத்து டெக்னோலோகியா என்பான். எங்கே ஆரம்பிப்பது, எங்கே அழுவது என்று பேச்சுக்கலையை முறைப்படுத்திச் சொல்வதாம். மண் பிசைகிறவனுக்கு அது எதற்கு என்று முறைத்த லிசோன், சூளை போய்விடுமே என்ற பயத்தில் எவாந்தஸ் எழுதியதை மனப்பாடம் செய்தான்.

மன்றத்தில் நீர்ப்பானையின் துளையைத் திறந்தார்கள். அதில் தண்ணீர் தீரும் வரைதான் பேசலாம். லிசோன் இரண்டு வரி சொன்னான். மூன்றாவது வரவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“என்னப்பா, நாக்கும் அரைவேக்காடா?” என்றது நடுவர் கூட்டத்தில் ஒரு குரல்.

அதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. திமாகோரஸ் சாட்சியாக வைத்திருந்த ஜாடியைத் தூக்கித் தரையில் போட்டு உடைத்தான்.

“இந்த ஓட்டுத் துண்டக் கையில வாங்கிப் பாருங்க. உள்ள, நடுவுல, வெளிய எல்லாம் ஒரே செவப்பு. சரியா வேகலைன்னா நடுவுல கருப்பா வரி ஓடியிருக்கும். இப்ப உள்பக்கம் தடவுங்க. மரப்பிசினக் காய்ச்சிக் கீல் பூசியிருக்கேன். ஏன்னா இது ஒயின் ஜாடி. ஒயினுக்குன்னு கேட்டுத்தான் இவரு வாங்கினாரு. கீல் மேல எண்ணெய ஊத்தினா அது கீலையே கரைச்சுக் குடிச்சிரும். உங்க வீட்டுல யாராவது ஊத்துவீங்களா?”

ஓடு கைமாறிப் போனது. சிரிப்பு கிளம்பியது. திமாகோரஸ் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினான். தண்ணீர் மிச்சமிருந்தது, மேலே சொல்லு என்று நடுவர்களே கேட்டார்கள். மண் ஏன் ஊற வேண்டும், நெருப்பை எப்போது மூச்சுவிட விடாமல் அடைக்க வேண்டும் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக எடுத்துவைத்தான். வாக்குகள் அவன் பக்கமே குவிந்தன. நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிப்போனது.

எவாந்தஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டான். “நான் எழுதினதுல ஒண்ணுமே நீ சொல்லலையேய்யா. ஆனா ஒரு தொழில எடுத்து, ஏன் எதுக்குன்னு வரிசையா விளக்கினே பாரு, டெக்னோலோகியான்னா அதான்.”

“பேரு நல்லாத்தான் இருக்கு,” என்றான் லிசோன். “இனிமே அது எங்க பேட்டைக்கும் சொந்தம்னு உன் ஆளுங்ககிட்ட சொல்லிடு.”

அன்று சாயங்காலமே சூளையைப் பற்றவைத்தோம். போட்ட ஒவ்வொரு விறகுக்கும் ஏன், எதற்கு என்று லிசோன் சொல்லிக்கொண்டே இருந்தான். பேட்டையே சுற்றி உட்கார்ந்து கேட்டது. வாயை மூடு என்று நான்கூடச் சொல்லவில்லை.