இடது பின் டயரின் இரண்டு போல்ட்டுகள்

'டக்-டக்' என்று இரட்டைத் தட்டல், ஒரு கணம் அமைதி, மறுபடியும் 'டக்-டக்'. அறுபதுகளின் நடுவில், போர்ட் பிளேருக்குத் தெற்கே இருந்த எங்கள் குடியிருப்பிலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் செம்மண் சாலையில், அப்பாவின் காருடைய இடது பின் டயர் எழுப்பிய சத்தம் அது.

அந்தக் கார் ஒட்டுப்போட்ட கார். மேலே யாரோ ஒரு துரை விட்டுப்போன பழைய வண்டியின் உடல். கீழே ராணுவ ஜீப்பின் சட்டமும் நான்கு சக்கரங்களும். இரண்டையும் பற்றவைத்துக் கொடுத்த ரகு மிஸ்திரி, தீவிலேயே பிறந்தவர். இந்தி கலந்த தமிழ் பேசுவார். காண்ட்ராக்டரான அப்பாவுக்கு அதன்மேல் அவ்வளவு பெருமை. டயர்கள் தேய்ந்ததும், பெட்டியில் இருந்த துரை வண்டியின் காகிதத்தைப் பார்த்து அளவெழுதி 'மெயின்லேண்டு'க்கு அனுப்பினார். சக்கரம் ஜீப்பினுடையது என்பது அவருக்கு நினைவே வரவில்லை. கப்பலில் வந்த நான்கு டயர்களில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அடுத்த கப்பலுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. அம்மாவுக்கோ பிரசவ நாள் நெருங்கியிருந்தது.

அதற்குள் இடது பின் டயர் நான்கு விரற்கடை நீளத்துக்குக் கிழிந்தது. மிஸ்திரி உள்ளே ஒரு பழைய டயர்த் துண்டை வைத்து, கிழிசலின் இருபுறமும் ஒவ்வொரு போல்ட் போட்டு இறுக்கினார். போல்ட்டின் தலைகள் தரையில் படும்போதுதான் அந்தத் தட்டல். எதையும் எண்ணுகிற என் வழக்கம் தெரிந்து என்னிடமே சொன்னார்: "பேட்டா, ரெண்டு தட்டும் கேக்கணும். ஒண்ணு கொறஞ்சா ஃபௌரன், அந்த நிமிஷமே நிறுத்தச் சொல்லு. ட்யூப் வெடிச்சா வண்டி காடியில போயிரும்." கடலோரக் கழிமுகத்தை அங்கே காடி என்பார்கள்.

போல்ட் போட்ட எட்டாம் நாள் மதியம் அம்மாவுக்கு வலி கண்டது. மழை விட்டிருந்தது. பின்சீட்டில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, அப்பா மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். நான் எண்ணினேன். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறாவது சுற்றில் 'டக்' என்று ஒன்றுதான் கேட்டது.

நான் சொல்லவில்லை. நிறுத்தினால் அம்மாவுக்கு என்ன ஆகுமோ, நிறுத்தாவிட்டால் மூவருக்கும் என்ன ஆகுமோ என்று பயம். ஒருவேளை தவறாகக் கேட்டிருப்பேன் என்று இன்னும் பத்துச் சுற்று எண்ணினேன். பத்தும் ஒற்றைத் தட்டல். எதிரே இறக்கம் தெரிந்தது. அதன் வளைவுக்குக் கீழே தண்ணீர்.

"அப்பா, ஒண்ணுதான் தட்டுது."

இறங்கிப் பார்த்தார். கிழிசல் வழியே ட்யூப் தவளைத் தொண்டை மாதிரி பிதுங்கியிருந்தது. ஸ்டெப்னி கிடையாது. "எப்பலேர்ந்துடா?" என்றார். "இப்பதான்" என்றேன். காற்றைப் பாதி இறக்கினார். கட்டுவதற்கு ஒன்றும் அகப்படாமல் சாலையை முன்னும் பின்னும் பார்த்தார். அம்மாதான் பையிலிருந்த பழைய நூல் சேலையை நீட்டினாள், பிள்ளையைச் சுற்றுவதற்கென்று துவைத்து மடித்து வைத்திருந்தது. "அது பிள்ளைக்கும்மா" என்றார் அப்பா.

"பிள்ளை வந்து சேர வேணாமாங்க? கட்டுங்க."

சேலையை நனைத்து முறுக்கி, சக்கரத்தின் துளைகள் வழியே டயரைச் சுற்றி ஏழு சுற்றுக் கட்டினார். மீதித் தூரம் முழுவதும் தட்டலே இல்லை. ஈரத்துணி சேற்றில் பதிகிற சத்தம் மட்டும். எண்ண ஒன்றும் இல்லாததால் அம்மாவின் மூச்சை எண்ணினேன். அன்று மாலை பிறந்த என் தங்கையை அப்பாவின் சட்டையில் சுற்றிக் கொடுத்தார்கள்.

அந்தப் பத்துச் சுற்றைப் பற்றி அப்பாவிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன். மிஸ்திரியும் இல்லை, காரும் இல்லை. செம்மண் சாலை தாராகிவிட்டது. போன மாதம் தங்கை தன் புதுக் காரில் அதே இறக்கத்தில் என்னை அழைத்துப் போனாள். டயர்கள் ஓசையே எழுப்பவில்லை. வளைவு வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

"என்னண்ணே, மயக்கமா வருதா?" என்றாள்.

இறங்கி நான்கு சக்கரங்களையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.