எதிர்ச்சாரி டாக்டரம்மா

பம்மலில் என் கிளினிக்குக்கு நேர் எதிரே, பஸ் போகும் சாலையின் மறுபக்கத்தில், ஒரு டாக்டரம்மா கிளினிக் திறந்த நாளிலிருந்து எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுபதைத் தாண்டியவன் நான். பிள்ளைகள் நல்ல வேலையில் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் தாம்பரத்தில் கோயிலுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவன். என் மகளைவிடச் சின்னவளான ஒரு பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். பட்டேன் என்று முடிந்துபோன விஷயமாக எழுதுவதும் முழு உண்மையில்லை.

முதலில் என் தொழில் நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் பாதிப் பேர் மறைமலை நகர்ப் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள். அங்கே பல கம்பெனிகளில் ஒரு நாள் காய்ச்சலென்று படுத்தாலும் டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இரண்டு சீட்டு வேண்டும். இன்ன நோயால் படுத்திருந்தார் என்று ஒன்று. இப்போது தேறிவிட்டார், வேலைக்கு வரலாம் என்று இன்னொன்று. அதற்குப் பெயர் ஃபிட் சர்டிபிகேட். முதலாவதை நோய் வந்த அன்றும், இரண்டாவதை நன்றாகப் பரிசோதித்த பிறகும் தர வேண்டும். நடைமுறையில் யாரும் அப்படி வருவதில்லை. எல்லாம் முடிந்த பிறகு, திங்கட்கிழமை விடிகாலையில், கம்பெனி பஸ் வருவதற்குள் வந்து நிற்பார்கள். நான் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுப்பேன். "உடம்புக்கு என்ன?" என்று கேட்பதற்கு முன்னால் "எந்தத் தேதியிலேர்ந்து?" என்பதுதான் என் வாயில் வரும். அந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது.

ஒருமுறை ஒரு வெல்டரிடம், "என்னப்பா போடட்டும்?" என்று கேட்டேன்.

"போன தபா பேதின்னு போட்டீங்க சார். லைன்ல எல்லாரும் என்னப் பாத்து சிரிச்சிகினு கீறானுங்க. இந்த தபா கொஞ்சம் கௌரவமா எதுனா போடுங்க."

நானும் சிரித்தேன். கௌரவமாக வைரஸ் காய்ச்சல் போட்டேன்.

எதிர்ச்சாரியில் டாக்டரம்மா வந்ததும் வாசலில் ஒரு பலகை வைத்தாள். சாதாரணக் காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்குக்கு முதல் இரண்டு நாள் லீவுக்குச் சான்றிதழ் தரப்பட மாட்டாது, வீட்டில் ஓய்வெடுங்கள், கம்பெனியில் கேட்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தது. கீழே தொலைபேசி எண். நான் அதைப் படித்துவிட்டு, மழைக்காலம் முடிவதற்குள் பலகையைக் கழற்றிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கழற்றவில்லை. நிஜமாகவே கம்பெனிகளுக்கு ஃபோன் போட்டாள். "ஃபோன்லயே பொளந்து கட்டிச்சு சார் அந்தம்மா" என்று என்னிடமே வந்து ஒருவன் பெருமையாகச் சொன்னான். சீட்டு வாங்கத்தான் அவன் என்னிடம் வந்திருந்தான்.

அதுதான் என்னைக் குத்தியது. என் பெஞ்சு காலியாகவில்லை, வருமானமும் குறையவில்லை. உடம்பு முடியாதவர்கள் அங்கே போனார்கள், சீட்டு வேண்டியவர்கள் என்னிடம் வந்தார்கள். சாயங்காலம் என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அவள் வாசலில் செருப்புகள் படி வரைக்கும் கிடக்கும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் நிற்பார்கள். அந்தத் தாய்மார்களில் சிலரையே குழந்தையாக நான் பார்த்திருக்கிறேன். ஒரு பஸ் வந்து நின்று மறைத்தால் நிம்மதியாக இருக்கும். பஸ் போனதும் மறுபடி பார்ப்பேன்.

ஒரு நாள் வீட்டில் என் மனைவியின் மாத்திரை டப்பாவில் நான் எழுதாத ஒரு மாத்திரை இருந்தது.

"இது யார் எழுதினது?"

"முட்டிக்குங்க. உங்க எதிர்ல இருக்கே அந்தப் பொண்ணு, அது எழுதிச்சு."

"நான் ஒருத்தன் வீட்டிலேயே இருக்கேனே?"

"உங்ககிட்ட சொன்னா வயசாயிடுச்சும்பீங்க. அது முட்டியத் தொட்டுப் பாத்துச்சு. எத்தனை படி ஏறுறீங்க, ராத்திரி வலிக்குதான்னு கேட்டுச்சு. கேக்கறதுக்காவது ஒருத்தர் வேணாமா?"

நான் அன்று இரவு அவளோடு பேசவில்லை. வலி குறைந்திருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

அந்த வருடம் எங்கள் பகுதி மருத்துவர்கள் குரோம்பேட்டையில் ஒரு ஓட்டல் ஹாலில் கூடினோம். லீவுக்குச் சான்றிதழ் கேட்கும் வழக்கத்தைப் பற்றி டாக்டரம்மா பேசினாள். மைக்கைக்கூடப் பிடிக்காமல் சாதாரணமாகப் பேசினாள்.

"காய்ச்சல்ல கிடக்கறவர் ஒரு சீட்டுக்காக எழுந்து ஷேர் ஆட்டோவில வந்து, நம்ம பெஞ்சுல உக்காந்து, பக்கத்துல இருக்கறவருக்கும் ஒட்டிவிட்டுப் போறார். தலைவலி, வயித்துவலி நிஜமான்னு நாம எதை வச்சுச் சொல்றோம்? அவர் சொன்னதைத்தானே எழுதறோம்? அதை அவரே கம்பெனிக்கு எழுதிக் குடுத்தா என்ன? நாம டாக்டரா, வாட்ச்மேனா?"

கை தட்டினார்கள். நான் எழுந்தேன். பொய் சொல்லிப் படுத்தவனால் பக்கத்து மெஷின்காரன் இரட்டை ஷிப்ட் பார்க்கிறானே, அவனுக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். முதலாளிக்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டாமா, நம் கையெழுத்துக்கு மதிப்பு இருப்பதால்தானே கேட்கிறார்கள் என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். "டாக்டரம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் அனுபவம் வரட்டும்" என்று சேர்த்தேன்.

நான் சொன்ன நியாயம் தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்து மெஷின்காரனுக்காக நான் அதைச் சொல்லவில்லை. டாக்டரம்மா புன்னகைத்து, "சார் சொல்றதையும் யோசிக்கணும்" என்றாள். சாப்பாட்டின்போது எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். நான் ஐஸ்கிரீம் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஏ.சி.யின் அடியில் நின்றேன்.

இந்த மனநிலையில் இருந்தபோதுதான் அந்தப் பெண் வந்தாள். கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் தொழிலாளி. பாவாடை கட்டிய வயதிலிருந்து என்னிடம் வந்தவள், ஒரு வருடமாக எதிர்ச்சாரிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, வழி தெரிஞ்சுதா?" என்றேன்.

"கோச்சுக்காதீங்க சார். மஞ்சக்காமாலை. டாக்டரம்மா இன்னும் ரெண்டு வாரம் வூட்டுலயே கெடன்னுது. காண்ட்ராக்ட்காரன் திங்கக்கெழம வரலன்னா லைன்ல வேற ஆளப் போட்ருவேன்றான். ஃபிட் சீட்டு குடுத்தா போயிடுவேன். அது தரமாட்டேங்குது சார்."

"ஏன், கம்பெனிக்கு ஃபோன் போட்டுப் பேசுவாங்களே உங்க டாக்டரம்மா?"

"பேசிச்சு சார். அவன் கேக்கலியே. நான் திரும்பவும் பேசறேன், நீ மட்டும் போவாதன்னுது."

டாக்டரம்மாவின் பேச்சு ஓர் இடத்தில் எடுபடவில்லை என்று கேட்டதும் எனக்குள் ஒரு குளிர்ச்சி. இமையை இறக்கிப் பார்த்தேன். மஞ்சள் இருந்தது. குறைந்துவருகிற மஞ்சள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் தெரிந்திருக்கும். அனுப்பவில்லை, தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

"எனக்குத் தெரியும், நீங்க இல்லன்னு சொல்லமாட்டீங்க சார்" என்றாள்.

அந்த வார்த்தை இனித்தது. தேறிவிட்டாள், வேலைக்கு வரலாம் என்று எழுதினேன். சீட்டைக் கொடுத்ததோடு நிற்காமல், வாசல் வரை வந்து அவளை வழியனுப்பினேன். நோயாளிகளை வழியனுப்பும் வழக்கம் எனக்குக் கிடையாது. எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்றுதான் போய் நின்றேன்.

வேலைக்குப் போன சில நாட்களில் அவள் லைனிலேயே வாந்தியெடுத்து மயங்கி விழுந்தாள். குரோம்பேட்டையில் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆனபிறகு டாக்டரம்மா சாலையைக் கடந்து என் கிளினிக்குக்கு வந்தாள். அவள் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை.

"சார், அவளைத் திரும்ப வேலைக்கு எடுக்க மாட்டேன்றாங்க. ஃபிட்னு சீட்டு குடுத்துட்டு நோயை மறைச்சு வந்துட்டா, ஏமாத்திட்டான்னு காண்ட்ராக்டர் சொல்றார். அன்னிக்கு அவ தேறலை, ரெஸ்ட்ல இருக்கச் சொன்ன முதல் அட்வைஸ்தான் சரின்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தா, இது ஒரே நோய்தான், அவ ஏமாத்தலைன்னு நான் பேசிடுவேன். அது வரைக்கும் வேற ஆள் போடாம இருக்கச் சொல்லி கேட்டிருக்கேன்."

நான் மேஜைமேல் இருந்த முத்திரையை நகர்த்தி வைத்தேன்.

"உங்க பேர் கெடாத மாதிரி எழுதலாம் சார். மஞ்சள் குறையறப்போ பாத்தா தேறிட்ட மாதிரி தெரியும், அப்படி ஆகறதுதான்."

அவள் கோபப்பட்டிருந்தால் அன்றே எழுதியிருப்பேனோ என்னவோ. அந்தக் கருணையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "பார்க்கலாம்மா" என்றேன்.

எழுத உட்கார்ந்தேன். என் தவறு என்று எழுத முடிந்தது. அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. முதலில் சொல்லப்பட்ட ஆலோசனைதான் சரி என்ற வரி மட்டும் வரவில்லை. அந்த வரி இல்லாமல் கடிதத்துக்குப் பயனில்லை. கிழித்தேன். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த நாளும் விட்டேன். டாக்டரம்மா இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டாள். வேலையாக இருக்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். ஒன்றும் வேலையில்லை, எதிர்ச்சாரியைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் என் மனைவிதான் கேட்டாள். "என்னங்க, அந்தப் பொண்ணு வேலை உங்க லெட்டர்லதான் தொங்குதாமே? ஏன் இன்னும் குடுக்கல?"

"யார் சொன்னா? உன் டாக்டரம்மாவா?"

"அது ஒண்ணும் சொல்லல. அங்க கிளினிக்ல நான் உக்காந்திருந்தப்போ அந்தப் பொண்ணோட அம்மா சொல்லி அழுதுச்சு. நான் உங்க வீட்டுக்காரின்னு அதுக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கல."

சொல்லிக்கொள்ளவில்லை என்று அவள் சொன்ன விதம் என்னை எழுப்பியது. அன்றே அந்த வரியோடு கடிதத்தை எழுதினேன். தாம்பரத்தில் ரயிலேறி நானே மறைமலை நகருக்குக் கொண்டுபோனேன்.

அவள் கம்பெனியின் பணியாளர் பிரிவில் இருந்த இளைஞர் மரியாதையாக நாற்காலி போட்டார். படித்தார்.

"சார், டாக்டர் மேடம் கேட்டுக்கிட்டதால காண்ட்ராக்டரை நாங்களே வெயிட் பண்ணச் சொன்னோம். லெட்டர் வரவே இல்ல. போன வாரம் ஆள் எடுத்துட்டாங்க."

"இப்ப ஒண்ணும் செய்ய முடியாதா?"

"புதுசா வந்த பொண்ணை என்ன சொல்லி அனுப்பறது சார்?" பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு நாள் லீவுக்குக்கூட உங்க மாதிரி பெரியவங்க கையெழுத்தைக் கேக்கறோம். வேற எதை நம்பறதுன்னு தெரியாமத்தான் கேக்கறோம். நீங்களே இப்படி எழுதினா?"

கும்பிட்டுவிட்டு எழுந்தேன். ஹாலில் அவ்வளவு பேசியவன்.

திரும்பும் வழியில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். பம்மலின் உட்புறச் சந்தில், மாடியில் ஒற்றை அறை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் மஞ்சள் போயிருந்தது, ஆளே பாதியாகியிருந்தாள். வேலை போனது நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீ தேறலைன்னு தெரிஞ்சேதாம்மா எழுதினேன். அப்புறம் லெட்டரையும் நான்தான் இழுத்தடிச்சேன்" என்றேன்.

"வுடுங்க சார். நான்தானே வந்து கேட்டேன்."

"நீ கேட்டதுக்காக எழுதல. அந்த டாக்டரம்மா மேல இருந்த வயித்தெரிச்சல்ல எழுதினேன்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். நம்பவில்லை போலிருந்தது. "அது மேலயா? அது நேத்துகூட வந்துச்சே சார். பெரியவரத் திட்டாத, அவருக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும்னு சொல்லிட்டுப் போச்சு."

வேலை எங்கேயாவது விசாரிக்கிறேன் என்றேன். தலையாட்டினாள். நான் எழுந்தபோது சொன்னாள்: "இனிமே அங்கயே காட்டிக்கறேன் சார். கோச்சுக்காதீங்க."

"அதுதாம்மா சரி" என்றேன். டாக்டர் பேசுகிற குரலில்தான் வந்தது.

படி செங்குத்தாக இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன். என்னால் வேலையிழந்த ஒருத்தியை மேலே விட்டுவிட்டு வருகிறேன். அவளுக்கு யாரிடம் சொல்லி என்ன செய்யலாம் என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது வேறு. நேற்று வந்தாள் என்றாளே, அந்த டாக்டரம்மா இந்தப் படியை எத்தனை தடவை ஏறியிருப்பாள் என்றுதான் யோசித்துக்கொண்டு இறங்கினேன்.