சக்கரத்தில் தார் படாமல் கோவளம் வரை

சேலையூரில் எலியேசர் என்று பெயரைச் சொன்னால் சிலருக்கு உடனே பிடிபடாது. தார் ரோட்டைக் கண்டால் சைக்கிளைத் தோளில் தூக்குவாரே, அவர் என்று சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். தாம்பரத்தில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. ஆள் ஒல்லி. சைக்கிளோ இரும்பை வஞ்சனையில்லாமல் போட்டுச் செய்த சைக்கிள். அதைத் தூக்கிக்கொண்டு அவர் ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடுவதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. அவருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "எங்க வீட்டு உத்தரவு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்து மண்ணில் இறக்கி ஏறி மிதிப்பார்.

உத்தரவு வந்த கதை சிரிக்கக் கூடியதல்ல. அவர் மனைவி ரத்தினபாய் பள்ளிக்கூட டீச்சர். அவளுக்கு ஒரே தம்பி, தேவானந்தம். அறுபத்து மூன்றாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மச்சான்கள் இரண்டு பேரும் பல்லாவரம் சந்தைக்குப் போய்ப் பழைய டைனமோ ஒன்றைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த லாரி தேவானந்தத்தை அடித்தது. இடது பக்கம் வந்துகொண்டிருந்த எலியேசருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பேசிக்கொண்டே வந்தவன் பாதி வார்த்தையில் இல்லாமல் போனான்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எலியேசர் ஆபீசுக்கு நடந்தே போனார். கேட்டவர்களிடம் டயர் சரியில்லை என்றார். பிறகு ஒரு சாயங்காலம், குடும்ப ஜெபத்தில் எல்லோரும் முழங்காலில் இருக்கும்போது, ரத்தினபாய் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "இனிமே தார் ரோட்டுல சைக்கிள் மிதிக்க மாட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லுங்க." அவர் சொன்னார். ஆமென் என்றும் சொன்னார். பொருத்தனை என்று ஜெபத்தில் கொடுத்த வார்த்தையைத் திருப்பி வாங்குவது அந்த வீட்டில் நடக்காத காரியம். வாயிலிருந்து போனது போனதுதான், இனி அது மேலே இருக்கிறவருடைய சொத்து.

ஆபீசில் வேதாசலம் என்று ஒரு சிநேகிதர், வாய் சும்மா இருக்காது. "மிதிக்க மாட்டேன்னுதானே சொன்னே? தள்ளிகினு போயேம்ப்பா. தூக்கிகினு ஓடறியே, இன்னா பேஜார் இது!" என்பார். நியாயமான கேள்விதான். எலியேசர் அதற்கு மட்டும் சிரித்து மழுப்பிவிடுவார்.

தாரை எடுத்துவிட்டால் ஊரில் மிச்சம் என்ன இருக்கும்? வீம்புக்குத்தான் தேட ஆரம்பித்தார். மாதத்தில் விடுமுறை கிடைக்கிற ஒரு சனிக்கிழமை, விடிந்ததும் சேலையூர் ஏரிக்கரை மேல் சைக்கிளை ஏற்றினார். இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் நாற்று. கரை மேல் ஒரு மனிதன் போகிற அகலத்துக்குச் செம்மண். அந்தக் கரை முடிகிற இடத்தில் ஒரு வண்டிப்பாதை. வண்டிப்பாதை போய்ச் சேருகிற இடத்தில் செம்பாக்கம் ஏரி. அடடா, இத்தனை வருஷம் இதற்குப் பக்கத்திலா ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு குடியிருந்தோம் என்று மனிதர் இறங்கி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஏரி முழுக்கக் கூழைக்கடாப் பறவைகள். எங்கிருந்து வந்தன, யார் வரச் சொன்னார்கள், ஒன்றும் தெரியாது. ஹாரன் சத்தம் என்பதே உலகத்தில் இல்லாதது போலிருந்தது.

அதோடு விட்டாரா? ஒவ்வொரு விடுமுறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நீட்டிக்கொண்டே போனார். வேங்கைவாசல், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கத்துக் கல்மலை. ஜல்லி மட்டும் கெட்டித்த கப்பி ரோடு ஒரு இடத்தில் ஓடைக்குள் இறங்கி மறுபக்கம் ஏறும். பனங்காட்டுக்குள் பாதை மூன்றாகப் பிரியும், மாட்டு வண்டித் தடம் எது ஆழமோ அதைப் பிடிக்க வேண்டும். தாழம்பூர் தாண்டி மகாபலிபுரம் போகிற தார் ரோடு குறுக்கே வந்தது. தோளில் தூக்கி ஓடிக் கடந்தார். அப்புறம் உப்பளம். வெயில் ஏறியிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், நடுவே பக்கிங்காம் கால்வாயில் பாய் விரித்து உப்பு மூட்டையோடு போகிற படகு. தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை, படகு வெள்ளை நிலத்துக்கு மேலேயே நடந்து போயிற்று. ஓடக்காரர் சைக்கிளையும் ஏற்றிக் கால்வாயைக் கடத்தி விட்டார். சவுக்குத் தோப்புக்குள் மணலில் சக்கரம் புதையப் புதையத் தள்ளிக்கொண்டு போய் வெளியே வந்தால், கோவளம். கடல்.

கடலை அவர் பார்க்காதவரா? மெரினாவில் சுண்டல் தின்றவர்தான். ஆனால் பஸ்ஸில் போய் இறங்கிப் பார்க்கிற கடல் வேறு. ஏரி ஏரியாக, மேடு மேடாக, தன் இரண்டு காலால் நிலத்தை அளந்துகொண்டு வந்து, நிலமே தீர்ந்துபோய் நிற்கிற இடத்தில் பார்க்கிற கடல் வேறு. எலியேசர் முழங்கால் போட்டுவிட்டார். கரையில் மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்த அங்காளம்மாள் என்ற பெண்பிள்ளை பதறிப்போய் ஓடி வந்தாள்.

"இன்னா சாரு, மயக்கமா? தண்ணி குடிக்கிறியா?"

"ஒண்ணுமில்லம்மா. தாம்பரத்துலேர்ந்து மண்ணுலயே வந்தேன்."

"மண்ணுலயேவா! பஸ் வுட்டுக்கீறான் தெரியாதா உனுக்கு?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதிலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் மாதம் தவறாமல் அந்த வழி. அந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான் மற்ற நாட்களில் அவர் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

எழுபத்து நாலில் ஆரம்பித்தது வினை. சித்தாலப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் கப்பி ரோட்டின் ஓரத்தில் தார் டிரம்களை உருட்டிப் போட்டார்கள். நாலைந்து மைலுக்குத் தார் போடப் போவதாகப் பேச்சு. ஒரு பக்கம் கல்குவாரிப் பள்ளம், மறுபக்கம் சேறு, விலகிப் போக வழியில்லை. நாலைந்து மைல் சைக்கிளைத் தோளில் தூக்க யாரால் முடியும்? எலியேசருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் மனைவியிடம் போய் நின்றார்.

"ரத்னா, அந்தப் பொருத்தனையிலேர்ந்து என்னை விட்டுடு. அந்த ஒரு ரோட்டுக்கு மட்டும். இல்லேன்னா எனக்குக் கடல் கிடையாது."

நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த ரத்தினபாய் நிமிர்ந்து பார்த்தாள். "முதல்ல அங்கே என்னதான் இருக்குன்னு எனக்குக் காட்டுங்க. அப்புறம் சொல்றேன்."

அடுத்த விடுமுறைச் சனிக்கிழமை கேரியரில் ஒரு தலையணையைக் கட்டி அவளை உட்கார வைத்தார். அந்தக் கப்பி ரோட்டில் அப்போதும் ஜல்லிதான் கொட்டிக் கிடந்தது, ரோலர் ஓரமாக நின்றது. ரத்தினபாய் முதலில் சேலையைப் பிடித்தாள், பிறகு ஸீட்டைப் பிடித்தாள், செம்பாக்கம் ஏரிக்கரையில் எதையும் பிடிக்க மறந்துபோனாள். "என்னங்க, நிறுத்துங்க" என்று இறங்குவாள், பார்ப்பாள், மறுபடி ஏறுவாள். பனங்காட்டில் ஒருமுறை, கல்மலை அடியில் ஒருமுறை. உப்பளத்தில் இறங்கியவள் வெகு நேரம் ஏறவே இல்லை. கோவளத்தில் கடலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். அலை வந்து கரண்டைக் காலைச் சுற்றியது.

"தேவானந்தத்துக்கு இதைக் காட்டாம விட்டுட்டோமே" என்றாள். பதினொரு வருஷமாக அந்தப் பெயரை அவள் அழாமல் சொன்னதில்லை. அன்றைக்கு அழவில்லை.

திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. ஒட்டியம்பாக்கம் தாண்டி ஒரு திருப்பத்தில் எலியேசர் பிரேக்கை அழுத்தினார். காலையில் ஜல்லியாக இருந்த இடம் இப்போது தார். அன்றைக்கே முதல் துண்டைப் போட்டு, ரோலர் ஓட்டி, ஆட்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கறுப்பாக, வழவழவென்று, காக்கை குருவி இல்லாமல் கிடந்தது ரோடு. தொட்டுப் பார்த்தால் ஆறியிருந்தது.

ரத்தினபாய் தலையணையைச் சரி செய்துகொண்டாள். "நான் கேட்டு வாங்கின வார்த்தை. ஆண்டவர்கிட்ட நானே பேசிக்கறேன். இனிமே உங்களுக்குத் தடையில்லை. ஏறி மிதிங்க."

எதைக் கேட்டு அவளிடம் போய் நின்றாரோ அது கையில் வந்துவிட்டது. எலியேசர் ஒரு காலைப் பெடலில் வைத்தார். சக்கரம் தாரைத் தொட இன்னும் ஒரு சாண். லாரி இல்லை, பஸ் இல்லை, ஒரு மாட்டு வண்டிகூட இல்லை. கால் இறங்கவில்லை. முதுகு முழுக்க வேர்த்துக் கொட்டியது. பெடலிலிருந்து காலை எடுத்து மண்ணில் ஊன்றிக்கொண்டார்.

"ரத்னா, என்னால முடியலை" என்றார். "உன் மேல பழியைப் போட்டுட்டு இருந்தேன். பயம் எனக்குத்தான்."

"தெரியும்" என்றாள் அவள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"தேவானந்தம் போன அந்த மாசம், காலையில சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ரோட்டு முனை வரைக்கும் போவீங்க. அங்கேயே நிப்பீங்க. ஏற முடியாம திரும்ப வந்து சுவத்துல சாத்திட்டு, டயர் சரியில்லைன்னு சொல்லுவீங்க. ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டேதான் இருந்தேன். பயம்னு நாலு பேர் சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க, சைக்கிளையே வித்துடுவீங்க. பொண்டாட்டி தடுத்துட்டான்னு சொல்றதுல ஆம்பளைக்கு ஒண்ணும் குறைஞ்சுடாதே. அதான் ஜெபத்துல கேட்டேன்."

பத்து வருஷத்துக்கு மேல் ஊர் அவளை என்னவெல்லாம் சொன்னது! புருஷனை ஆட்டி வைக்கிறவள், பேயைக் கண்ட மாதிரி பயந்தவள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, இவருக்கு ஏரியையும் உப்பளத்தையும் கடலையும் கொடுத்துவிட்டு, நோட்டுத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள். எலியேசர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் நாள் கோவளத்தில் கடலைப் பார்த்தபோதுகூட அவருக்கு இப்படி மூச்சு நின்றதில்லை.

அவள் கேரியரிலிருந்து இறங்கி வந்து ஹாண்டில்பாரின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "தூக்க வேணாம். ரெண்டு பேருமா தள்ளிக்கிட்டே போலாம், வாங்க" என்றாள்.