விருந்தாளியைக் கூட்டாளியாக்கிய ஒன்றரை நாள்

சனிக்கிழமை காலை ஆறரை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் எழுபத்தொரு கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய் டிக்கெட். என் மாணவி முத்துலட்சுமிக்கு ஜன்னலோரம் கிடைத்தது. எனக்கு ஒருவருடைய பலாப்பழத்துக்குப் பக்கத்தில் இடம். கூடப் போக வேறு ஆசிரியர் யாரும் அகப்படாததால் என்னை அனுப்பியிருந்தார்கள்.

அங்கே ஒரு கல்லூரியில் நம் மாணவர்களையும் வெளிநாட்டு மாணவர்களையும் இரண்டிரண்டு பேராகச் சேர்த்து வேலை கொடுக்கிறார்கள். இருவரும் சேர்ந்து செய்தது என்று ஏற்றுக்கொண்டால் முத்துலட்சுமி நான்கு மாதம் பின்லாந்தில் படிக்கலாம். இல்லாவிட்டால் கிடையாது. அவள் வீட்டில் அதற்குள் ஸ்வெட்டரே வாங்கிவிட்டார்கள்.

பத்து மணிக்கு ஜோடி சேர்த்தார்கள். முத்துலட்சுமிக்கு ஐனோ என்ற பின்லாந்துப் பெண். மலையாளம் படிக்கத் தெரியாதவர்கள் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் தங்கள் பஸ்ஸை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று விசாரித்து ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். சுலபம்தான் என்று நினைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது?

பதினொன்றரைக்குக் கிழக்கேகோட்டை. வள்ளியூர்க்காரர் ஒருவரின் டீக்கடை. ஐனோவைப் பார்த்ததும் அவர் உள்ளே இருந்த ஒரே நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டார். "வெளிநாட்டுப் புள்ளைய வெயில்ல நிப்பாட்டலாமா தாயி?" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். முத்துலட்சுமி வேர்க்க விறுவிறுக்க அங்குமிங்கும் ஓடி, கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பூக்காரி, கோயிலுக்கு வந்தவர்கள் என்று பதினெட்டுப் பேரை விசாரித்தாள். ஐனோ மூன்று முறை எழுந்தாள். மூன்று முறையும் முத்துலட்சுமி தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். இளநீர் வாங்கிக் கொடுத்தது நான்தான், மறைப்பானேன்.

நான்கு மணிக்குப் பக்கத்தை வாசித்தார்கள். அச்சுப் போல் இருந்தது. பொறுப்பாளர் ஹேமா, ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக்காரர், ஐனோவிடம் உன் பங்கு என்ன என்று கேட்டார். மூன்று டீ, ஒரு இளநீர் என்றாள் ஐனோ, சிரிக்காமல். வேலை கேட்டேன், நாற்காலி கொடுத்தார்கள் என்றும் சொன்னாள். எனக்குக் காது சுட்டது.

ஹேமா என் பக்கம் திரும்பினார். "இது சேர்ந்து பண்ற வேலையாக்கும். நீங்க உபசாரம்னா பண்ணியிருக்கேள்! நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் டைம் தரேன். நீங்க கூடப் போகப்டாது, கேட்டேளா?"

வெளியே வந்ததும் முத்துலட்சுமியை நன்றாகத் திட்டினேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "ஊர விட்டு ஊர் வந்த புள்ள மிஸ். அதுகிட்ட வேல வாங்கினேன்னு தெரிஞ்சா எங்க அம்மா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க." எங்கள் வீட்டிலும் விடமாட்டார்கள். அதுதான் எரிச்சல்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவளும் ஐனோவும் போனார்கள். நான் தங்கியிருந்த ஹேமாவின் ஸ்ரீவராகம் வீட்டில் செய்தித்தாளை விளம்பரம் வரை படித்தேன். எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. பத்தரைக்கு வந்தார்கள். ஐனோவின் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. தப்பான பஸ்ஸில் ஏறி, மணக்காட்டில் இறங்கி, அங்கிருந்து நடந்தே திரும்பியிருக்கிறாள். முத்துலட்சுமியும் கூடவே ஏறி, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாளாம். அவள் வாழ்க்கையில் செய்த மிகக் கஷ்டமான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

புதிய பக்கம் அடித்தல் திருத்தலாக இருந்தது. இரண்டு கையெழுத்து. போர்டை யாரும் பார்ப்பதில்லை, கண்டக்டர் கூப்பிடுவதைத்தான் கேட்கிறார்கள், அவர் டீ குடிக்கப் போனால் புதிதாக வந்தவர் தொலைந்தார் என்று எழுதியிருந்தார்கள். பதினெட்டுப் பேரை விசாரித்த முதல் பக்கத்தில் இது இல்லை.

"எனக்கு யாராவது வழி சொல்லிருவாங்க மிஸ். அவளுக்குத்தான் தொலையத் தெரிஞ்சுது," என்றாள் முத்துலட்சுமி. 'ஊர விட்டு ஊர் வந்த புள்ள' ஒரே நாளில் 'அவ'ளாகியிருந்தாள். ஹேமா இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பின்லாந்து உறுதி.

மூன்றரைக்குத் தம்பானூரில் ரயிலேறினோம். ஏற்பாட்டின்படி அடுத்த மாதம் ஐனோ எங்கள் கல்லூரிக்கு வந்து முத்துலட்சுமியோடு அடுத்த வேலையைச் செய்ய வேண்டும். எங்கள் முதல்வருக்குத் தகவல் அனுப்பினேன். உடனே பதில்: வரவேற்புக் குழு, மாலை, பொன்னாடை, மேடையில் தனி நாற்காலி.

எட்டிப் பார்த்த முத்துலட்சுமி, "மிஸ், நாற்காலி வேண்டாம்னு எழுதுங்க," என்றாள். நடந்ததையெல்லாம் விளக்கி, நாற்காலி மட்டும் வேண்டவே வேண்டாம் சார் என்று எழுதினேன்.

பாறசாலை தாண்டுவதற்குள் பதில் வந்தது. "புரிகிறது மேடம். சோபா போட்டுவிடலாம்."