கதை கேக்காத இடம்

கல்லுக்குக் கீழ அலவாங்க விட்டு நெம்பேக்க முதல்ல வந்தது மணம்தான். பழைய சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் கலந்த மாதிரி ஒரு மணம். எங்கட கோயில் கடல் முருகைக்கல்லால கட்டினது, சுவர் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம் எண்ட தடிப்பு. கோயிலுக்குள்ள, தெக்குப் பக்கக் கதவடியில, நிலத்தில வரிசையா கறுப்புக் கல்லு பதிச்சிருக்கு. முதல் கல்லுக்குக் கீழ கோயிலக் கட்டின வெள்ளைக்காரப் பாதர். அங்கால கோயிலுக்குக் காணி குடுத்த பெரிய வீட்டு முதலாளி, பிறகு அவற்ற மகன், பிறகு பேரன். அதுக்கும் அங்கால பேர் வெட்டாத ஒரு கல்லு. அதைத்தான் நாங்க நாலு பேர் கிளப்பினம். எனக்கு வாய வச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதுதானே. பேரன்ட கல்லப் பாத்து, "முதலாளி, கொஞ்சம் தள்ளிப் படுங்க, உங்கட அக்கா வாறா" எண்டன். மத்தவங்க பல்லக் கடிச்சுக்கொண்டு சிரிச்சாங்க. நானும் சிரிச்சன். சிரிச்சுக்கொண்டு இருக்கேக்கயே கண்ணால தண்ணி வந்திட்டுது. அலவாங்கில கை ரெண்டும் இருந்தபடியா துடைக்கவும் ஏலாமப் போச்சு.

அந்த அக்காவ ஊரில பெரிய வீட்டு நோனா எண்டுதான் சொல்லுவம். எழுபது தாண்டியிருக்கும், கல்யாணம் கட்டேல்ல. தென்னந்தோட்டத்துக்கு நடுவில அவ்வளவு பெரிய வீடு. தம்பி செத்த பிறகு அதுக்குள்ள அவவும் சமைக்கிற பொம்பிளையும் ஒரு றேடியோவும்தான். ரோட்டில அவவக் கண்டா ஆம்பிளையள் மடிச்சுக் கட்டின சாரத்த இறக்கி விட்டுட்டு ஒதுங்கி நிப்பாங்க. பொம்பிளையள் கதைச்ச கதைய நிப்பாட்டிப் போடுவாங்க. அது மரியாதைதான், ஆனா அந்த மரியாதையால அவவுக்கு ஊரில கதைக்க ஆள் இல்லாமப் போச்சு. வாய்க்கு வாய் குடுக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். கோயிலுக்கு, புத்தளம் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு, ஊரில எந்தச் செத்த வீடெண்டாலும் அதுக்கு, எல்லாத்துக்கும் அவவக் கூட்டிக்கொண்டு போறது என்ட திரீவீல்தான்.

செத்த வீடெண்டா அவவுக்கு உயிர். ஏழை பணக்காரன் பாக்க மாட்டா, எல்லாத்துக்கும் போவா. திரும்பி வரேக்க பின் சீற்றில இருந்துகொண்டு மார்க் போடுவா. "டேய், அந்த பேண்டில குழல் வச்சிருந்த தடியனப் பாத்தியா? அவன் ஊதவே இல்ல, கன்னத்த மட்டும் உப்பினவன்." நான் சொல்லுவன், "நோனா, உங்கட செத்த வீட்டுக்கு அவனைத்தான் பிடிச்சு வச்சிருக்கிறன், பாதிக் காசுக்கு வாறன் எண்டவன்." அவ குடையால என்ட முதுகில குத்துவா. "குரங்கு, எனக்கு முதல் நீ போவாய், உனக்கு நான் பேண்டே பிடிக்க மாட்டன், தகரத்தில தட்டச் சொல்லுவன்." கோயிலில இருந்து அவட வீட்டுக்குப் பத்து நிமிசம்கூட இல்ல. ஆனா எப்பவும், "கண்டக்குழிப் பக்கத்தால சுத்திப் போடா" எண்டுவா. கடல் பாக்க ஆசையாக்கும் எண்டுதான் நான் நினைச்சன். ஒரு நாளும் அவ கடலப் பாத்தத நான் கண்ணாடியில காணேல்ல. என்ட பிடரியப் பாத்துக் கதைச்சுக்கொண்டுதான் வருவா.

ஒரு மீன்பிடிக்காரற்ற அடக்கத்துக்குப் போன நாள். எங்கட சேமக்காலை கோயிலுக்குத் தெக்கால, வெறும் கடல் மணல். பெட்டிய இறக்கி, ஆளுக்கு ஒரு பிடி மண் போட்ட பிறகும் சனம் உடனே போகாது. அங்கயே சிலுவையளில சாஞ்சுகொண்டு வெத்திலை போட்டு, ஆர்ட வலையில என்ன பட்டது, ஆர்ட பெட்டை ஆரோட ஓடினது, எண்ணெய் என்ன விலை, எல்லாம் கதைக்கும். செத்தவரப் பத்தியும் பகிடி விட்டுச் சிரிக்கும், அழுத பொஞ்சாதியே சிரிப்பா. நோனா கால் வலியில இறங்கேல்ல. "எஞ்சின நிப்பாட்டு" எண்டா. நிப்பாட்டினன். கனநேரம் காதக் குடுத்துக்கொண்டு இருந்திட்டுச் சொன்னவ:

"டேய், நான் செத்தா என்னை இங்க போடச் சொல்லு. உள்ள வேணாம்."

"ஏன் நோனா, உள்ள குளிர்ச்சியா இருக்கும். பூசை கேக்கும், பாட்டுக் கேக்கும்."

"பூசைக்கு வந்தா எல்லாரும் வாயப் பொத்திக்கொண்டுதானே இருக்கிறீங்க. உள்ள ஒருத்தனும் ஒரு நல்ல கதை கதைக்கிறேல்ல. இங்கதான் கதை கேக்கும்."

"இங்க உங்களுக்கு இடம் தர மாட்டாங்க. நீங்க வாய மூட மாட்டீங்க, பக்கத்தில படுத்திருக்கிறதுகள் நித்திரை கொள்ள வேணாமா?"

அவ விழுந்து விழுந்து சிரிச்சவ. நானும் சிரிச்சன். "மழைக்கு மண் ஈரமா இருக்கும், தடிமன் பிடிக்கும் நோனா" எண்டன். "அப்ப ஒரு போர்வையும் சேத்துப் போடு" எண்டா. பிறகு திரீவீல ஸ்டார்ட் பண்ணிக் கண்டக்குழிப் பக்கத்தால சுத்திப் போனம். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு அந்தக் கதைய அவவும் எடுக்கேல்ல, நானும் எடுக்கேல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழமைபோல வாசலில நிண்டு ஹோன் அடிச்சன். வழமையா உள்ளுக்குள்ள இருந்து ஒரு ஏச்சு வரும். வரேல்ல. சமைக்கிற பொம்பிளை தலையில கைய வச்சுக்கொண்டு ஓடி வந்தவ. நித்திரையிலயே போயிருக்கிறா.

நோனாட தம்பியிட மகன் இத்தாலியில இருந்து வந்து சேரும்வரைக்கும் பெட்டிய வீட்டில வச்சிருந்தம். ரோட்டெல்லாம் வெள்ளைக் கொடி. அவர் நல்ல மனிசன். வந்து இறங்கினதும் "மாமி, மாமி" எண்டு குழந்தை மாதிரி அழுதவர். இந்தக் காலத்தில கோயிலுக்குள்ள ஆரையும் புதைக்கிறேல்ல. ஆனா அந்தக் குடும்பத்துக்குப் பழைய உரிமை ஒண்டு இருக்கு, கடைசி இடமும் ஒண்டு இருக்கு. அவர் மேலிடத்தில கதைச்சு அனுமதி எடுத்துப் போட்டார். பாதருக்கு அது அவ்வளவு பிடிக்கேல்ல எண்டு முகத்திலயே தெரிஞ்சுது. கோயில் மூப்பருக்கோ பெரிய சந்தோசம். ஊருக்கே பெருமை எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சார். அவங்க மூண்டு பேரும் விறாந்தையில இருந்து ஒழுங்கு கதைக்கேக்கதான் நான் சோடாப் பெட்டியோட போனன். பெட்டிய வச்சிட்டுச் சொன்னன், "நோனா உள்ள வேணாம் எண்டு என்னட்டச் சொன்னவ. சேமக்காலையிலதான் போடச் சொன்னவ."

மூப்பர் சிரிச்சிட்டார். "பாத்தீங்களா பாதர், செத்த வீட்டிலயும் இவன் விட மாட்டான். தலவிலத் திருவிழாவுக்கு பஸ் இல்லையெண்டு சொல்லி என்னை மைல் கணக்கில நடக்க விட்டுட்டு, அதே பஸ்ஸில கை காட்டிக்கொண்டு போனவன்." விறாந்தையில இருந்த சனமும் சிரிச்சுது. நோனா இருந்திருந்தா அவவும் சிரிச்சிருப்பா.

பாதர் மட்டும் சிரிக்கேல்ல. என்னைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "மகன், எனக்கு ஒரு ஆள் உறுதியாச் சொன்னாப் போதும், நான் நிப்பாட்டுவன். அவ அதைச் சிரிச்சுக்கொண்டு சொன்னாவா, சிரிக்காமச் சொன்னாவா?"

நோனா என்னோட சிரிக்காமக் கதைச்ச நாளே இல்ல. நெஞ்சு வலியெண்டாலும் சிரிச்சுக்கொண்டுதான் சொல்லுவா.

"சிரிச்சுக்கொண்டுதான் பாதர்."

"பகிடியா, இல்லாட்டி மனசால சொன்னாவா?"

பொய் சொல்லுறது எனக்குத் தண்ணி குடிக்கிற மாதிரி. அண்டைக்கு ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தாக் காணும், "மனசால சொன்னவ" எண்டு. ஆனா அந்த நேரம் உள்ள பெட்டிக்குப் பக்கத்தில இத்தாலிக்காரர் அழுதுகொண்டு ஆருக்கோ சொல்லுற சத்தம் கேட்டுது: "அப்பாக்குப் பக்கத்தில மாமிய வைக்கிறன், அந்தப் பிள்ளைக் கடமையாவது செய்யிறன்." அவற்ற கண்ணீரும் உண்மை. நான் வச்சிருந்தது ஒரு பகிடிதான். "சொன்னது சத்தியம் பாதர். மனசால சொன்னாவா எண்டு எனக்குத் தெரியா" எண்டன். பாதர் என்ட தோளில ஒருக்காத் தட்டிட்டு விறாந்தைக்குப் போனார். பிறகு அலவாங்கு எடுக்க ஆள் கேட்டாங்க. நானே போனன்.

பெரிய அடக்கம். பேண்ட் முழுசா வந்தது, எல்லாரும் ஊதினாங்க. இந்தக் கரையில இருந்த குருமார் எல்லாரும் வந்தாங்க. கல்ல மூடி, விளிம்புக்குச் சீமெந்து பூசி முடிய, சனம் முழங்கால் குத்திச் செபிச்சிட்டுப் பேசாம வெளியில போச்சு. உள்ள ஒருத்தரும் நிண்டு கதைக்கேல்ல.

கார்த்திகை மாசம் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. அண்டைக்குப் பின்னேரம் ஊரே சேமக்காலையிலதான். மணலக் கூட்டி, பூப் போட்டு, காத்துக்கு அணையாம இருக்க வெட்டின பிளாஸ்டிக் போத்தலுக்குள்ள மெழுகுதிரி கொளுத்தி வச்சிருக்கும். பாதர் தண்ணி தெளிச்சுக்கொண்டு போக, பின்னால பிள்ளையள் ஓடித் திரியும். சனம் அவனவன்ட ஆளுக்குப் பக்கத்தில குந்தி இருந்து கதைக்கும். நானும் அப்பாவுக்குக் கொளுத்திட்டு, அம்மாவ அங்க இருத்திப் போட்டு, நோனாவ ஒருக்காப் பாத்திட்டு வருவம் எண்டு பக்கக் கதவால கோயிலுக்குள்ள போனன். கல்லில இப்ப பேர் வெட்டியிருக்கு, வடிவான எழுத்து. பூவும் இல்ல, திரியும் இல்ல. அதுக்குப் பக்கத்தில நிலத்தில இருந்தன். கோயில் பாக்கிற மாமா, நான் உள்ள இருக்கிறது தெரியாம, தூறல் அடிக்குது எண்டு வெளியில நிண்டு அந்தக் கதவ இழுத்து மூடினார்.

அவ்வளவு சனத்தின்ட சத்தம், பிள்ளையள்ட கூச்சல், கடல், எல்லாம் கத்தியால வெட்டின மாதிரி நிண்டுது. ஒண்டும் இல்ல. அந்தச் சுவருக்குள்ளால ஒரு எறும்புச் சத்தமும் வராது.

"என்ன நோனா, சத்தத்தையே காணேல்ல? பல்ல வீட்டில விட்டுட்டா வந்தீங்க?" எண்டு கேட்டன். எப்பவும் கேக்கிற மாதிரித்தான் கேட்டன். பிறகு முதுகில குடை குத்தும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். கொஞ்ச நேரம் உண்மையாவே பாத்துக்கொண்டிருந்தன். அந்த அமைதிக்குள்ள இருக்க இருக்கத்தான், எஞ்சின நிப்பாட்டச் சொல்லிக் காதக் குடுத்துக்கொண்டு இருந்த அவட முகம் எனக்கு முன்னால வந்தது. அந்தக் கனநேரம் முழுக்க அவ சிரிக்கேல்ல. நான் வாயத் திறந்த பிறகுதான் சிரிச்சவ.

எழும்பிப் போய்க் கதவ உள்ளால தள்ளித் திறந்தன். மாமா திடுக்கிட்டுப் போனார்.

"டேய், நீ உள்ளயா நிண்டாய்? மூடடா, மழை உள்ள அடிக்கும்."

"மூட வேணாம் மாமா. உள்ள ஆள் இருக்கு."

"ஆர்?"

"நோனா."

"போடா விசரா" எண்டு சிரிச்சார். சிரிக்கட்டும். முழங்கால் குத்துற வாங்கு ஒண்ட இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்தன். மாமாவக் கையில பிடிச்சு வாசலடியிலயே நிப்பாட்டி வச்சுக்கொண்டு தொடங்கினன்: மூப்பர்ட மோட்டச்சைக்கிள் களப்புத் தண்ணிக்குள்ள போனது, சமைக்கிற பொம்பிளையிட மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது, இத்தாலிக்காரர் பெரிய வீட்டுக் கூரைக்கு ஓடு மாத்தச் சொல்லியிருக்கிறது, அந்த பேண்டுக்காரத் தடியன் இப்ப உண்மையாவே ஊதப் பழகினது.

மாமா காதப் பொத்தினார். "பக்கத்திலதானே நிக்கிறன், எனக்குக் காது நல்லாக் கேக்கும். ஏன்டா இப்பிடிக் கத்துறாய்?"

நான் நிப்பாட்டேல்ல. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொன்னன்.