எடையில் ஏறியது யார்?

அம்மா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தோம். இன்று கள்ளிக்குப்பத்தில் தடுப்பூசி போடுமிடத்தில் என் மகளுக்கு எடை பார்த்தார்கள்.

இடுப்பைவிட்டு இறங்க மாட்டேன் என்று அழுதாள்.

"தூக்கிகினே ஏறும்மா. அப்பால உன் எடைய கழிச்சிக்கலாம்" என்றார் நர்சம்மா.

போன தடவையும் இப்படித் தூக்கிக்கொண்டுதான் ஏறினேன்; முள் அதைவிட நன்றாகவே ஏறியது. பிள்ளை தேறிவிட்டாள் என்று அப்பாடா என்றிருந்தது.

பிறகு என்னைத் தனியாக ஏற்றிக் கழித்துப் பார்த்தார்.

"புள்ள எளச்சிதான் கீது. ஏறனதெல்லாம் நீதான். புள்ள சோத்தையும் நீயே துன்ட்டியா?"

வரிசையே சிரித்தது. கூட வந்த மாமியாரும்தான்.

ராத்திரி மாமியார் என் தட்டிலிருந்து ஒரு கரண்டி சோற்றை எடுத்துப் பேத்தி தட்டில் வைத்தார்.

அவள் தொடவில்லை. "வீணாக்காதே" என்று அதை என்னிடமே தள்ளினார்.

உங்கள் வீட்டில் பிள்ளை வைக்கும் மிச்சம் யார் கணக்கு?